வீட்டையும் கோயிலாக எண்ணிய கிரேக்கத் தாம்சன்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு வீடு கட்டுவது எத்துணைப் பெரிய பாடு என்பதை, செங்கல் கணக்கையும் கடன் கணக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இரவில் உறங்காமல் அமர்ந்திருக்கும் நம் தந்தையரைக் கண்டால் தெரிந்துகொள்ளலாம். ஒரு வீட்டுக்கே இவ்வளவு பாடு என்றால், தம் வாழ்நாள் முழுவதும் பிறர் குடியிருக்க வீடுகளை அமைத்துக் கொடுத்த ஒருவரின் வாழ்க்கை எவ்வாறு இருந்திருக்கும்? அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இங்கே நாம் காணப்போகிறோம். அவர் பெயர் அலெக்சாண்டர் தாம்சன். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் வாழ்ந்தவர். அந்நகர மக்கள் அவருக்குச் சூட்டிய பெயர் கிரேக்கத் தாம்சன் என்பதாகும். ஆனால் அவர் கிரேக்க நாட்டைக் கண்ணால் கண்டவரே அல்லர்! கடல் கடந்து எந்த நாட்டிற்கும் போகாமல், நூல்களிலும் படங்களிலும் கண்டே அப்பண்டைய கலையைக் கற்றுத் தம் ஊருக்குக் கொண்டு வந்தவர் அவர்.

அவர் கட்டிய வீடுகளுள் ஒன்று, நம் பள்ளியைப் போலவே கன்னியர் நடத்திய ஒரு பள்ளியாகப் பல ஆண்டுகள் விளங்கியது. அந்தக் கதையைப் பின்னர்க் கூறுகிறோம். முதலில் அவருடைய இளமையைப் பார்ப்போம்.

தாம்சன் 1817-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பால்பிரான் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை அங்கிருந்த பஞ்சாலை ஒன்றில் கணக்கர். இருமுறை மணம் புரிந்தவர். இரு தாரத்திற்கும் சேர்த்து இருபது பிள்ளைகள். அவர்களுள் அலெக்சாண்டர் பதினேழாமவர். அவருக்கு ஏழு வயது நடந்தபோது, 1824-இல், தந்தை இறந்தார். தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளாஸ்கோ நகரின் புறத்தே குடியேறினார். அங்கும் துன்பம் அவர்களை விடவில்லை. மூத்த உடன்பிறப்புகள் சிலர் அடுத்தடுத்து மறைந்தனர். 1830-இல் தாயும் கண்மூடினார். நம்மைவிட இரண்டு வயது இளையவராக இருந்தபோதே தாம்சன் தாய் தந்தை இருவரையும் இழந்துவிட்டார். ஆசிரியராக இருந்த ஓர் அண்ணன்தான் எஞ்சிய பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துக் காத்தார். அண்ணன் தகப்பனுக்குச் சமம் என்பது நம் நாட்டில் மட்டுமன்று, எந்நாட்டிலும் உண்மையே.

வீட்டு நிலைமையால் பிள்ளைகள் சிறு வயதிலேயே வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. தாம்சன் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்துவேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் அவர் வரைந்த படங்கள், அங்கு வந்துபோன ராபர்ட் ஃபுட் என்ற கட்டடக் கலைஞரின் கண்ணில் பட்டன. அவர் சிறுவனைத் தம்மிடம் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டார். கெட்டிக்காரப் பிள்ளை என்று ஒரு பெரியவர் கண்டுகொண்டதனால் ஒரு வாழ்க்கையே திசை திரும்பியது! பின்னர் ஜான் பேர்ட் என்பவரின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் வரைபடம் வரைபவராக உழைத்தார். 1840-களின் இறுதியில் அதே பெயர் கொண்ட வேறொரு ஜான் பேர்டுடன் கூட்டுச் சேர்ந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இந்த இருவரும் 1847-ஆம் ஆண்டு ஒரே நாளில் அக்காள் தங்கை இருவரை மணந்து கூட்டாளிகளோடு சகலர்களும் ஆனவர்கள். மணமகளிர் இருவரும், தச்சருக்கும் கொத்தருக்கும் பயன்படும் நூல்கள் பல எழுதிய பீட்டர் நிக்கல்சன் என்பவரின் பேத்திகள். தாம்சனின் துணைவியார் பெயர் ஜேன்.

அக்காலத்துக் கிளாஸ்கோ எப்படி இருந்தது என்று தெரிந்துகொண்டால்தான் தாம்சனின் பணி நமக்கு விளங்கும். 1801-இல் சுமார் 77,000 பேர் வாழ்ந்த அந்நகரில், 1851-இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். பஞ்சாலை, இரும்பாலை, கப்பல் கட்டும் தொழில் ஆகியவை அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளிலிருந்தும் மக்களை இழுத்து வந்தன. ஏழைகள் நான்கு மாடிக் கல்வீடுகளில், ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதுமாக அடைபட்டுக் கிடந்தனர். அத்தகைய அடுக்குவீட்டை டெனமென்ட் என்பார்கள். ஒரு பொதுப் படிக்கட்டில் ஏறினால் தளத்துக்குத் தளம் இரண்டு மூன்று குடித்தனங்கள். நிலக்கரிப் புகை கட்டடங்களையெல்லாம் கறுப்பாக்கியது. காலரா 1832-இலும், 1848-49-இலும், 1853-54-இலும் நகருக்குள் புகுந்து உயிர்களை வாரிச் சென்றது.

பணம் சேர்த்த வணிகர்களோ புகை இல்லாத இடம் தேடி நகரின் ஓரங்களுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் சென்றனர். கிளைட் ஆற்றில் நீராவிப் படகுகள் ஓடின. இரயில் பாதைகளும் வந்தன. ஹெலன்ஸ்பரோ, ராத்சே, கோவ் முதலிய கடலோர ஊர்களில் தோட்டம் சூழ்ந்த கல் பங்களாக்கள் எழுந்தன. விக்டோரியா அரசியாரின் காலத்து ஸ்காட்லாந்து வீடுகள் என்று இன்று மக்கள் வியந்து பார்க்கும் வீடுகள் பல இவ்வாறு தோன்றியவையே. கோவ் என்னும் ஊரில் 1850-இல் எழுந்த கிரெய்க் எய்லி என்ற பங்களாவும், ராத்சேயில் 1855-இல் எழுந்த டோர் ஹவுஸ் என்ற பங்களாவும் தாம்சன் அமைத்தவை.

அக்காலத்து வீடுகளின் அமைப்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சன்னல்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு அரசு ஒரு வரி வாங்கி வந்தது. வெளிச்சத்துக்கும் வரியா என்று நமக்குச் சிரிப்பு வருகிறது! கண்ணாடிக்கு இருந்த தீர்வை 1845-இலும், சன்னல் வரி 1851-இலும் நீங்கின. அதன்பின் பெரிய பெரிய கண்ணாடிகளைப் பொருத்த முடிந்தது. தாம்சன் இதைத் தமக்கே உரிய முறையில் பயன்படுத்தினார். கல் தூண்களை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்குப் பின்னால் கண்ணாடியை நேராகப் பொருத்தினார். வெளியிலிருந்து பார்த்தால் சட்டம் கண்ணில் படாது. தூண்களும் நிழலும் மட்டுமே தெரியும். வளைவுகளை அவர் விரும்பவில்லை. நிமிர்ந்து நிற்கும் தூணும் அதன்மேல் படுத்திருக்கும் நீண்ட கல்லுமே உறுதியானவை என்று கருதினார். நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் தூண்மேல் உத்தரம் தாங்கி நிற்பதைப் பார்த்திருக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். அந்த நாளில் மற்றவர்கள் கூர்மையான வளைவுகளைக் கொண்ட கோதிக் முறையைப் போற்றிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் கிரேக்க முறையையும் எகிப்திய முறையையும் இணைத்துப் புதியதொரு பாணியை உண்டாக்கினார்.

இனிக் கூறப்போவது எங்கள் உள்ளத்தைத் தொட்ட பகுதி. தாம்சனும் ஜேனும் கிளைட் ஆற்றின் தென்கரையில், நெருக்கமான லாரிஸ்டன் பகுதியில் குடியிருந்தனர். அவர்களுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்தனர். 1854 முதல் 1857 வரையான சில ஆண்டுகளுக்குள் அப்பிள்ளைகளுள் பலரை அவர்கள் பறிகொடுத்தனர். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலே வீடு முழுவதும் விளக்கெரிய விழித்திருப்பதை நாம் அறிவோம். ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிய பெட்டிகள் வாசற்படி தாண்டிப் போனதை அத்தாயும் தந்தையும் எவ்வாறு தாங்கினரோ! பிறருடைய வீடுகளில் குழந்தைகள் விளையாட அறைகள் வரைந்த கைதான், மாலையில் தம் வீட்டில் வெறுமையான தொட்டிலைத் தொட்டிருக்கும்.

எங்களை வியப்பில் ஆழ்த்துவது என்னவென்றால், தாம்சனின் மிகச் சிறந்த கட்டடங்கள் பலவும் அந்த ஆண்டுகளிலும் அவற்றை ஒட்டிய ஆண்டுகளிலுமே எழுந்தன என்பதுதான். 1856-57-இல் கலிடோனியா சாலை ஆலயத்தையும், லாங்சைடு பகுதியில் ஓர் இரட்டை வீட்டையும் கட்டினார். 1857-இல் தொடங்கி 1859-இல் முடிந்தது செயின்ட் வின்சென்ட் தெரு ஆலயம். 1857-58-இல் எழுந்தது ஹோம்வுட் மாளிகை. துன்பத்தால் அவர் கை சோர்ந்துவிடவில்லை. அவர் தம் சபையில் மூப்பராக இருந்த இறைப்பற்று மிக்கவர். பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவராயினும், இறைவன் தந்த திறமையை மண்ணில் புதைத்து வைக்காத நல்ல ஊழியன் என்ற முறையில் அவர் நமக்கும் எடுத்துக்காட்டே.

அந்த இரட்டை வீட்டின் அமைப்பு கெட்டிக்காரத்தனமானது. நடுத்தரக் குடும்பங்கள் இரண்டுக்கு, நடுச்சுவர் பொதுவாக வைத்து வீடு கட்டினால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் அமைவதே வழக்கம். பார்ப்பவர்க்கு இது பாதி வீடு என்பது உடனே தெரிந்துவிடும். தாம்சனோ இரண்டு வீடுகளையும் ஒரே வரைபடத்தில் அமைத்து, ஒன்றைக் கிழக்கு நோக்கியும் மற்றதை மேற்கு நோக்கியும் இருப்பதுபோல் எதிரெதிராகத் திருப்பி வைத்தார். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே பெரிய மாளிகையாகத் தோன்றும். அளவான பணம் உள்ளவர்களும் தலைநிமிர்ந்து வாழட்டும் என்ற எண்ணம் அதில் இருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது.

ஹோம்வுட் மாளிகை கேத்கார்ட் பகுதியில் ஆற்றோரம் காகித ஆலை நடத்திய ஜேம்ஸ் கூப்பர் என்பவருக்காகக் கட்டப்பட்டது. அது மிகப் பெரிய மாளிகை அன்று. ஆனால் வீட்டிலிருந்து வண்டிக் கொட்டகை வரை ஒரு நீண்ட மதிலை இணைத்து, சிறிய வீட்டையும் பெரியதாகத் தோன்றச் செய்தார். முன்புறத்தில் கூடத்தின் சன்னல் வட்டமாக முன்னே வந்து நிற்கும். அதன் முன்னே தூண்கள் ஒரு சிறு கோயிலைச் சுற்றி நிற்பன போல நிற்கும். மாடிப்படிக்கு மேலே கண்ணாடிக் கூண்டு வழியாக வெளிச்சம் இறங்கும். உணவறையின் சுவரில் பண்டைய கிரேக்கப் போர்க்கதையின் காட்சிகள் தீட்டப்பட்டன. சுவர், கூரை, கதவு என்று எதையும் விடாமல் எல்லாவற்றிற்கும் தாமே வண்ணமும் கோலமும் வகுத்தார் தாம்சன். கல்யாண வீட்டில் ஒவ்வொரு தட்டையும் தானே பார்த்து அடுக்கும் தாயைப் போல அவர் ஒரு வீட்டின் எல்லாப் பகுதிகளையும் தாமே பார்த்தார்.

குழந்தைகளை இழந்த அந்த வீட்டை விட்டு, நகரின் தெற்கே காற்றோட்டமான ஷாலண்ட்ஸ் பகுதிக்குத் தாம்சன் குடும்பம் சென்றது. அதன்பின் ஸ்ட்ராத்பங்கோ பகுதியில் மோரே பிளேஸ் என்ற வீட்டு வரிசையை 1859 முதல் 1861 வரை கட்டினார். பத்து வீடுகள் ஒட்டி நிற்கும் இரண்டு மாடி வரிசை அது. முதல் வீடும் கடைசி வீடும் சற்றே முன்வந்து, முக்கோண முகப்போடு கோயில்போல் நிற்கும். இடையே உள்ள வீடுகளின் மேல்மாடியில் ஒரே மாதிரியான சதுரத் தூண்கள் அணிவகுத்து நிற்கும். எது யார் வீடு, எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்பதே தெரியாது. அடுத்த வீட்டுக்காரரைவிட என் வீடு உயர்ந்தது என்று காட்டிக்கொள்ள அங்கே இடமில்லை. அந்த வரிசையின் முதல் வீட்டில்தான் தாம்சன் தாமே குடியேறினார். பிறருக்கு ஒன்று, தமக்கு ஒன்று என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

ஏழைகளை அவர் மறந்தாரா? இல்லை. 1866-இல் கிளாஸ்கோவின் நெரிசல் குடியிருப்புகளை இடித்துச் சீராக்க ஒரு சட்டம் வந்தது. அப்பொழுது தாம்சன் ஒரு திட்டம் தந்தார். டெனமென்ட் வரிசைகளுக்கு இடையே உள்ள தெருக்களைக் கண்ணாடிக் கூரையால் மூட வேண்டும். மழையும் குளிரும் படாமல் குழந்தைகள் அங்கே விளையாடலாம் என்பது அத்திட்டம். கிளாஸ்கோவில் ஆண்டின் பெரும்பகுதியும் மழை. வெளியே போக முடியாமல் இருட்டறையில் அடைந்து கிடக்கும் பிள்ளைகளை எண்ணித்தான் அவர் இதைச் சொன்னார் போலும். அத்திட்டம் நிறைவேறவில்லை. காகிதத்தோடு நின்றுவிட்டது. அவர் கட்டிய கட்டடங்களைவிடக் கட்டப்படாத இந்தக் கண்ணாடித் தெருவே அவர் உள்ளத்தை நமக்கு நன்றாகக் காட்டுகிறது எனலாம்.

அவருடைய தம்பி ஜார்ஜ், 1856 முதல் தொழிலில் அவருக்கு உற்ற துணையாக இருந்தவர். 1871-இல் அவர் எல்லாவற்றையும் விட்டு ஆப்பிரிக்காவில் கேமரூன் பகுதிக்கு மறைபணியாற்றச் சென்றுவிட்டார். தாம்சன் தனியே பாரத்தைச் சுமந்தார். 1874-இல் கலை பற்றித் தொடர்ச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆனால் உடல்நலம் குன்றி வந்தது. 1875-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள், மோரே பிளேஸில் உள்ள தம் வீட்டிலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு 57 வயது.

அவருடைய நினைவாக நண்பர்கள் நிதி திரட்டி, இளம் கட்டடக் கலைஞர்கள் வெளிநாடு சென்று கற்க ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தினர். 1890-இல் அதைப் பெற்று, மறு ஆண்டு இத்தாலிக்குச் சென்றவர்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சார்லஸ் ரென்னி மெக்கின்டோஷ். ஹெலன்ஸ்பரோ ஊரில் 1902 முதல் 1904 வரை ஹில் ஹவுஸ் என்னும் வீட்டைக் கட்டியவர் அவரே. கடல் கடந்து செல்லாத தாம்சன், இறந்த பின்னும் வேறோர் இளைஞரைக் கடல் கடக்கச் செய்தார்!

ஆயினும் அவர் கட்டிய கட்டடங்களுக்கு நல்ல காலம் வாய்க்கவில்லை. குயின்ஸ் பார்க் பகுதியில் அவர் கட்டிய ஆலயம் 1943-இல் போரில் குண்டுக்கு இரையாயிற்று. கலிடோனியா சாலை ஆலயம் 1965-இல் தீப்பிடித்துச் சுவரும் கோபுரமுமாக நின்றது. அவர் கட்டிய டெனமென்ட் வீடுகள் பலவும் இடிக்கப்பட்டன. புகை படிந்து கறுத்த பழைய கல்லை யார் மதித்தார்கள்? பழையது என்றாலே இடிக்க வேண்டியது என்று எண்ணிய காலம் அது.

இப்பொழுது நாம் முன்பு சொன்ன கதைக்கு வருவோம். ஹோம்வுட் மாளிகை பல கைகள் மாறி, 1958-இல் மறைபரப்பு அன்னையின் சகோதரிகள் என்னும் கத்தோலிக்கக் கன்னியர் சபையாரிடம் வந்தது. அவர்கள் அதைக் கன்னியர் மடமாகவும் தொடக்கப் பள்ளியாகவும் ஆக்கினர். காகித ஆலை முதலாளி விருந்து வைத்த வீட்டில் செபமாலை ஒலித்தது. சிறு பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தனர். தம் பிள்ளைகளை இழந்த ஒருவர் கட்டிய வீடு, நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிள்ளைகளின் குரலால் நிறைந்தது. இதைவிட அழகிய முடிவு ஒரு வீட்டுக்கு வேண்டுமா? 1994-இல் ஸ்காட்லாந்தின் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளை அவ்வீட்டை வாங்கிப் பேணத் தொடங்கியது. அடுக்கடுக்காகப் பூசப்பட்டிருந்த வண்ணங்களை மெல்லச் சுரண்டிப் பார்த்தபோது, அடியில் தாம்சன் வகுத்த பழைய வண்ணங்களும் கோலங்களும் வெளிப்பட்டன. மறைந்திருந்ததேயன்றி அழிந்துபோகவில்லை.

ஆனால் ஒரு குறை நெடுநாள் இருந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குக் கல்லால் வீடு கட்டித் தந்தவருக்கு, அவரை அடக்கம் செய்த இடத்தில் பெயர் சொல்ல ஒரு கல்கூட இல்லை. தெற்கு நெக்ரோபோலிஸ் என்னும் அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான், இலங்கைத் தேயிலையால் பெயர் பெற்ற தாமஸ் லிப்டனும் துயில்கிறார். தாம்சனின் கல்லறையோ அடையாளம் இன்றிக் கிடந்தது. அவர் இறந்து 131 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் கறுப்புக் கருங்கல்லில் ஒரு நினைவுக்கல் அங்கே நிறுவப்பட்டது.

தோழியரே, இந்த வரலாற்றைப் படித்த பிறகு நாங்கள் எங்கள் பள்ளியைப் புதிய கண்களோடு பார்த்தோம். தினமும் ஓடி ஏறும் மாடிப்படியை, மணி அடித்ததும் கூடும் வராந்தாவை, சிற்றாலயத்தின் சன்னல் வழியே விழும் காலை வெயிலை நாங்கள் இதுவரை கவனித்ததே இல்லை. இவற்றையும் யாரோ ஒருவர் வரைந்திருப்பார். யாரோ ஒரு கொத்தனார் வெயிலில் நின்று கட்டியிருப்பார். யாரோ ஒரு சித்தாள் தன் குழந்தையை மரத்தடித் தூளியில் போட்டுவிட்டுக் கல் சுமந்திருப்பாள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களுக்காக நாம் செய்யக்கூடியது என்ன? சுவரில் கிறுக்காமல் இருப்பது சிறிய நன்றி. இங்கே கற்பதை வீணாக்காமல் இருப்பது பெரிய நன்றி.

தாம்சன் ஆலயத்துக்கு நிறுத்திய அதே தூணை வீட்டுக்கும் நிறுத்தினார். மக்கள் உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று, அழுது, செபிக்கும் வீடும் இறைவன் வாழும் இடமே என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். நம் வீடு ஓலைக் குடிசையாகவோ, ஓட்டு வீடாகவோ, வாடகை வீடாகவோ இருக்கலாம். அன்பும் செபமும் அங்கே இருந்தால் அதுவும் ஒரு கோயிலே. அப்படிப்பட்ட வீடுகளைக் கட்டும் கைகளாக நம் கைகளும் வளர இறைவனை வேண்டுவோம்.